எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை ஏன்?

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், உங்கள் ஆசிரியர் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு மாத்திரை கொடுத்து, தம் கண்முன்னாலேயே மென்று தின்னச் சொல்லியிருப்பார். "எனக்குத்தான் வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லையே! நான் ஏன் தின்ன வேண்டும்?" என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, வெளியே போய்த் துப்பியவர்களும் இருக்கலாம். கேள்வி நியாயமானதுதான். விடை காண்போமா?

மண் வழியாகப் பரவி நம் குடலில் குடியேறும் புழுக்களில் உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும் முக்கியமானவை. ஒரு பெண் உருளைப்புழு நாள் ஒன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். அவை மலத்துடன் வெளியேறுகின்றன. திறந்தவெளியில் மலம் கழித்தால் அவை மண்ணில் கலந்துவிடும். சில வாரங்களில் முட்டைக்குள் இளம்புழு வளர்ந்துவிடுகிறது. பிறகு, கழுவாத கையிலும் கழுவாத காய்கறியிலும் ஒட்டிக்கொண்டு நம் வாய்க்குள் வந்து சேர்கிறது.

கொக்கிப்புழு வரும் வழி வேறு. அதன் இளம்புழு ஈரமண்ணில் காத்திருக்கும். செருப்பில்லாத கால் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே புகும். இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாயில் ஏறி, தொண்டையில் விழுங்கப்பட்டுக் குடலை அடையும். அங்கே குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும்.

ஒரு கொக்கிப்புழுவால் நாள் ஒன்றுக்கு இழக்கும் இரத்தம் சுமார் 0.03 முதல் 0.2 மில்லி லிட்டர் வரைதான். ஆனால் 100 புழுக்கள் இருந்தால்? நீங்களே பெருக்கிப் பாருங்கள்! இரத்தத்துடன் இரும்புச்சத்தும் போகிறது. இரும்பு குறைந்தால் இரத்தம் போதிய ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. முகம் வெளுக்கும், ஓடினால் மூச்சு வாங்கும், வகுப்பில் பாடம் மனத்தில் ஏறாது. அந்த மாணவனைச் 'சோம்பேறி' என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம்!

புழுக்கள் சில மட்டுமே இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் முட்டைகள் மட்டும் மண்ணுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நமக்குக் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மருந்து, புழுவைச் சர்க்கரையை உறிஞ்சவிடாமல் தடுத்துப் பட்டினி போடுகிறது. மண்ணில் கிடக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. நீங்கள் தின்று, பக்கத்து இருக்கை நண்பன் துப்பிவிட்டால், அவனிடமிருந்து முட்டைகள் மண்ணுக்கு வரும். அங்கிருந்து உங்களுக்கே திரும்பும். எல்லோரும் ஒரே நாளில் தின்பது இதற்காகத்தான். 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கான தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-இல் தொடங்கியது. அன்று காய்ச்சலாக இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். விடுபட்டவர்களுக்குப் பின்னர் தனியாக ஒரு நாள் உண்டு.

மாத்திரை மட்டும் போதுமா? போதாது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றி நிரப்ப முடியுமா? புழுவை நீக்குவது ஓட்டையை அடைப்பது போன்றது. குடத்தை நிரப்ப உணவு வேண்டும். தமிழ்நாட்டில் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் சத்துணவாக விரிந்தது; 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரை, இழந்த இரும்பை ஈடுசெய்கிறது. கழிப்பறையும் சோப்பும் செருப்பும் புதிய ஓட்டை விழாமல் காக்கின்றன. சமையல்கூடம், சுகாதார நிலையம், வகுப்பறை எல்லாம் தனித்தனியாகத் தெரியலாம். ஆனால் அவற்றின் வேலை ஒன்று சேரும் இடம் உங்கள் உடல்தான்!

இது நடக்கக்கூடியதா? ஜப்பானைப் பாருங்கள். 1949-இல் அங்கே நூற்றுக்கு 60 பேருக்கு மேல் உருளைப்புழு இருந்தது. பள்ளிதோறும் மாணவர்களின் மலத்தைச் சோதித்து மருந்து கொடுத்தார்கள். மனித மலத்தை வயலுக்கு உரமாக இடும் வழக்கமும் குறைந்தது. 1980-களில் நூற்றில் ஒருவருக்குக்கூட அது இல்லை என்னும் நிலை வந்தது. 2016-இல் பள்ளிகளில் அந்தச் சோதனை கட்டாயம் என்ற விதியையே நீக்கிவிட்டார்கள்.

நாளை பள்ளிக்குப் போனதும் கைகழுவும் இடத்தைப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா? சோப்பு இருக்கிறதா? இல்லையென்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை மாத்திரை வரும்போது நன்றாக மென்று தின்னுங்கள். அது உங்களுக்காக மட்டுமல்ல, உங்கள் நண்பனுக்காகவும்தான்!