ஓர் அடுப்பங்கரையில் இரண்டு பூனைகள்

குடும்பத் திங்களிதழில் பூனைகளைப் பற்றி எழுதுவதா என்று வாசகருள் சிலர் நகைக்கக்கூடும். கொல்லிமலைக் குடும்பங்களை அறிந்தோர் நகையார். சாமையும் தினையும் கேழ்வரகும் சேர்த்து வைத்த வீட்டில் எலி புகுந்தால் என்ன மிஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரியும். மரவள்ளி பெருகிச் சிறுதானியம் குறைந்துவிட்ட இந்நாளிலும், உள்ளதைக் காக்கப் பூனை வேண்டியிருக்கிறது. சைப்பிரசுத் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதக் கல்லறையின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர் வெளியிட்டனர். தானியத்தைத் தேடிய எலியும், எலியைத் தேடிய பூனையும் நம்மோடு கொண்ட உறவு அத்துணைப் பழையது.

தொல்லை, இரண்டாவது பூனை வரும்போது தொடங்குகிறது. உறவினர் வீட்டிலிருந்து ஒரு கடுவனைக் கோணிப்பையில் கொணர்ந்து, நேரே அடுப்பங்கரையில் அவிழ்த்துவிடுகிறோம். முன்னிருந்தது முதுகை வளைத்துச் சீறுகிறது. மார்கழிக் குளிரில் அடுப்பின் வெதுவெதுப்புக்காக இரவெல்லாம் போர். இடையில் கை நீட்டிய குழந்தைக்குக் கீறல். பொறுமையிழந்த வீட்டார், ஏதேனும் ஒன்றை மலைச்சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுள் ஒன்றில் விட்டுவிடலாமா என்று எண்ணத் தொடங்குகின்றனர். அங்கே அது பசியாலோ வண்டிச் சக்கரத்தாலோ மடியும்.

இதனைப் பூனையின் பொல்லாத குணம் என்று கூறுவது முறையன்று. தனித்து வேட்டையாடும் மரபில் வந்த விலங்கு அது. அதற்கு வீடென்பது மணமே. கன்னத்திலும் மோவாயிலும் வாலடியிலும் உள்ள சுரப்பிகளால் தூணிலும் கதவிலும் நம் காலிலும் தன் மணத்தைத் தேய்த்து வைக்கிறது. அந்நிய மணம் திடீரெனப் புகுமாயின், கள்வன் புகுந்தாற்போன்றே அதற்குத் தோன்றும். ஆகவே அறிமுகம் மூக்கின் வழியாகவே தொடங்க வேண்டும்.

புதியதை ஒரு வாரமேனும் காப்பிக்கொட்டை வைக்கும் சிற்றறையிலோ கதவுள்ள விறகுக் கொட்டகையிலோ தனியே வையுங்கள். பழந்துணியால் அதன் கன்னத்தைத் துடைத்து, மற்றதன் சோற்றுத் தட்டருகே இடுங்கள்; மறுபுறமும் அவ்வாறே செய்யுங்கள். துணியை மோந்தும் சீறாது உண்ணுமானால், மூடிய கதவின் இருபுறமும் ஒரே வேளையில் சோறு வையுங்கள். அடுத்த படிக்குக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரம் உதவும். புதியதை அதனுள் விட்டு, மேலே ஒரு கல்லை வைத்து, தொலைவில் பழையதற்குக் கருவாட்டுத் துண்டு இடுங்கள். சில நிமிடங்கள் போதும். நாள்தோறும் தொலைவைக் குறையுங்கள். வாலை நிமிர்த்தி வருவது நட்பின் அறிகுறி. இமையாது உற்று நோக்கினால் சண்டை அணுகுகிறது. இடையே ஒரு முறத்தை நிறுத்துங்கள். துடைப்பத்தால் அடிப்பது அறவே கூடாது. அந்த நோவை அது மற்றப் பூனையோடு சேர்த்தே நினைவில் வைக்கும்.

தட்டும் படுக்கைச் சாக்கும் தனித்தனியே இருக்கட்டும். ஒன்றுக்கு அடுப்பங்கரை என்றால் மற்றதற்குப் பரண். கடுவன்களின் சண்டை ஓயாவிடில் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்விக்கலாம். நாமக்கல்லில் 1985இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. இது பாவமாகுமா என்று கேட்பவர் உண்டு. பாவமன்று, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதையே திருச்சபையின் மறைக்கல்வி கண்டிக்கிறது. அந்நூல், விலங்குகளிடம் பரிவு காட்டியவர்களாக அசிசி நகர்ப் புனித பிரான்சிசுவையும் புனித பிலிப்பு நேரியையும் பெயர் சொல்லி நினைவூட்டுகிறது. உரோமையில் இல்லம் மாறியபோது பிலிப்பு நேரியார், பழகிய இடத்தைவிட்டுத் தம் பூனையை அகற்றாது, நாள்தோறும் ஆளனுப்பி அதற்கு உணவளித்தார் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தனித்துறைந்த துறவுப் பெண்டிருக்கென எழுதப்பட்ட ஒழுங்கு நூலோ, ஒரே ஒரு பூனைக்கு மட்டும் இசைவளித்தது. எழுதியவர் அனுபவசாலி போலும்!

பூனை கடித்தாலோ கீறினாலோ மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப வேண்டாம். ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். வெறிநோய் பூனையாலும் பரவும். பூனைகளுக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது நலம்.

எல்லாம் செய்தும் சில பூனைகள் நண்பராவதில்லை. அவற்றை ஒரே சாக்கில் படுக்க வைக்க முயல வேண்டாம். ஒன்றுக்குத் திண்ணையிலும் மற்றதற்குப் புறக்கடையிலும் சோறு வைத்தால் போதும். எலிகளுக்கு இரண்டும் ஒன்றே.