57 சென்ட் பாகம், 90 கோடி டாலர் அபராதம்: 124 உயிரும் போச்சு!

அம்பத்தூர், ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்பவர்களுக்கு 'ரிஜெக்‌ஷன்' தெரியும். லைனிலேயே மாட்டினால் ஒரு பீஸ், கொஞ்சம் கூலி, அவ்வளவுதான் நஷ்டம். தப்பைத் தடுக்க, சோதித்துப் பார்க்க ஆகும் செலவையும் சேர்த்துத்தான் கம்பெனிகள் தரத்துக்குக் கணக்கு போடுகின்றன. வண்டி ரோட்டுக்கு வந்தபிறகு தப்பு தெரிந்தால்தான் கணக்கு எகிறும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு அதுதான் நடந்தது. சாவி சுவிட்சுக்குள் ஸ்பிரிங் வலு போதவில்லை. ஓடும்போதே சாவி திரும்பி என்ஜின் ஆப், ஏர்பேக்கும் விரியாது. என்ஜினீயர்களுக்கு முன்பே தெரியுமாம்! சரிசெய்ய ஒரு காருக்கு பாகச் செலவு வெறும் 57 சென்ட் என்று 2014-ல் அந்நாட்டு பாராளுமன்ற விசாரணையில் வெளியானது. அந்த ஆண்டு சுமார் 26 லட்சம் கார்களை திரும்ப அழைத்தார்கள். 2015-ல் அபராதம் 90 கோடி டாலர். நஷ்டஈட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவு 124.