ஒலிநாடாப் பரிமாற்றமும் பதிப்புரிமையும்: ஹெவி மெட்டல் இரசிகர்களின் பங்கு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஹெவி மெட்டல் இசையின் தொடக்ககாலக் குழுக்கள் பலவற்றுக்கு வானொலியின் ஆதரவும் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் விளம்பரமும் கிட்டவில்லை. அக்குழுக்களைப் பிற நகரங்களுக்கும் நாடுகளுக்கும் கொண்டுசென்றவர்கள் இரசிகர்களே. ஒலிநாடாக்களைப் படியெடுத்து அஞ்சலில் அனுப்புதல், சிற்றிதழ் நடத்துதல், சிறு நிறுவனம் தொடங்குதல் ஆகியன அவர்களுடைய வழிமுறைகளாக இருந்தன. இவ்வழிமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. ஒலிநாடாப் பரிமாற்றத்தால் வளர்ந்த மெட்டாலிக்கா குழு 2000ஆம் ஆண்டில் நாப்ஸ்டர் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கை முன்வைத்து, இரசிகரின் படியெடுப்பு எப்போது தொண்டாகவும் எப்போது குற்றமாகவும் கருதப்படுகிறது என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஹெவி மெட்டல், ஒலிநாடாப் பரிமாற்றம், இரசிகர் சிற்றிதழ், மெட்டாலிக்கா, நாப்ஸ்டர், பதிப்புரிமை.

முன்னுரை

இசைக்குழு ஒன்றைப் பின்தொடரும் இரசிகரை நுகர்வோராகக் காண்பதே பொதுவழக்கு. அவர் இசைத்தட்டை வாங்குகிறார். நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டுப் பெறுகிறார். இசையை உருவாக்குவதிலோ பரப்புவதிலோ அவருக்குப் பங்கில்லை என்று கொள்ளப்படுகிறது. ஹெவி மெட்டல் இசையின் வரலாறு இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

தமிழ்ச் சூழலில் இரசிகர் மன்றம் என்பது பெரும்பாலும் முன்பே புகழ்பெற்ற ஒருவரைச் சுற்றித் திரளும் அமைப்பைக் குறிக்கிறது. ஹெவி மெட்டல் இரசிகர்களின் வலைப்பின்னலோ இசைத்தட்டு ஒன்றுகூட வெளியிடாத குழுக்களைச் சுற்றியும் உருவானது. அங்கு இரசிகரின் ஈடுபாடு புகழின் விளைவாக அமையாமல் புகழுக்குக் காரணமாக அமைந்தது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளியாகும்.

வானொலிக்கு வெளியே ஓர் இசை

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970ஆம் ஆண்டு வெளிவந்தது. கரகரப்பூட்டப்பட்ட மின்கிதார் ஒலி, கனத்த தாளம், இருண்ட பாடுபொருள் ஆகியவற்றைக் கொண்ட ஹெவி மெட்டல் இசையின் தொடக்கமாக அதனைக் கருதுவோர் பலர். அப்பத்தாண்டின் இறுதியில் பங்க் இசை பத்திரிகைகளின் கவனத்தைப் பெற்றிருந்த வேளையில், இங்கிலாந்தின் இளைஞர்களிடையே புதிய ஹெவி மெட்டல் குழுக்கள் பல தோன்றின. 'சவுண்ட்ஸ்' வார இதழ் 1979ஆம் ஆண்டு இதனைப் பிரித்தானிய ஹெவி மெட்டலின் புதிய அலை என்று பெயரிட்டு எழுதியது.

இவ்வலையின் மையங்களுள் ஒன்று, வடமேற்கு இலண்டனின் கிங்ஸ்பரி பகுதியில் நீல் கே என்பவர் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்ட 'சவுண்ட்ஹவுஸ்' என்னும் கூடமாகும். அங்கு வந்த இரசிகர்கள் கேட்ட பாடல்களைக் கொண்டு அவர் ஒரு தரவரிசைப் பட்டியலைத் தொகுத்தார். 'சவுண்ட்ஸ்' அதனை வெளியிட்டது. அயர்ன் மெய்டன் குழு தான் பதிவுசெய்த மாதிரி ஒலிநாடாவை நீல் கேயிடம் கொடுத்தது. அதிலிருந்த ஒரு பாடல், இசைத்தட்டாக வெளிவரும் முன்னரே அப்பட்டியலில் முதலிடம் பெற்றது. இரசிகர்களிடையே எழுந்த இவ்வரவேற்பைத் தொடர்ந்து, அக்குழு 1979 நவம்பரில் 'தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்' என்னும் மூன்று பாடல் கொண்ட இசைத்தட்டைத் தானே 5,000 படிகள் அச்சிட்டு அஞ்சல்வழி விற்றது. இ.எம்.ஐ. நிறுவனத்துடனான ஒப்பந்தம் அதன் பின்னரே ஏற்பட்டது. ஒரு குழுவின் தகுதியை நிறுவனம் தீர்மானிப்பதற்கு முன்பாக இரசிகர் அவை தீர்மானித்தமைக்கு இது சான்றாகும்.

அஞ்சல்வழிப் பரிமாற்றம்

இவ்விசையை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுசென்றது அஞ்சல்துறை எனலாம். பரிமாற்றத்தின் நடைமுறை எளிமையானது. ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள மாதிரி ஒலிநாடாக்கள், நிகழ்ச்சிப் பதிவுகள் ஆகியவற்றின் பட்டியலைத் தட்டச்சு செய்தோ கையால் எழுதியோ வைத்திருப்பார். பட்டியல்கள் அஞ்சலில் கைமாறும். ஒருவர் விரும்பியதை மற்றவர் வெற்று ஒலிநாடாவில் படியெடுத்து அனுப்புவார். ஈடாகத் தமக்கு வேண்டியதைப் பெறுவார். பணம் கைமாறுவது அரிது. உறைக்குள் வேறு குழுக்களின் சிறு துண்டறிக்கைகளும் இடம்பெறும். குழுவின் பெயர், முகவரி, ஒலிநாடாவின் விலை ஆகியவற்றைத் தாங்கிய அத்துண்டறிக்கைகள், ஓர் உறையிலிருந்து மற்றோர் உறைக்கு மாறி, அச்சிட்ட குழு அறியாத ஊர்களையும் அடைந்தன. அயல்நாட்டு அஞ்சல் செலவு இளைஞர்களுக்குச் சுமையாக இருந்தமையால், அஞ்சல்தலைமீது பசையைப் பூசி, முத்திரையைக் கழுவி மீண்டும் பயன்படுத்தும் வழக்கமும் நிலவியது.

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லார்ஸ் உல்ரிக் இவ்வலைப்பின்னலில் உருவான இரசிகர். டைமண்ட் ஹெட் என்னும் ஆங்கிலேயக் குழு தன் முதல் இசைத்தட்டை 1980ஆம் ஆண்டு வெற்று வெள்ளை உறையில் தானே வெளியிட்டு, 'சவுண்ட்ஸ்' இதழ் விளம்பரத்தின்வழி அஞ்சலில் விற்றது. அக்குழுவின்மீது கொண்ட ஈடுபாட்டால் உல்ரிக் 1981ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்து சென்று, அக்குழுவினருடனேயே தங்கினார். அவ்வாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுடன் இணைந்து மெட்டாலிக்கா குழுவைத் தொடங்கினார். 1984ஆம் ஆண்டு டைமண்ட் ஹெட்டின் பாடல் ஒன்றை மெட்டாலிக்கா பதிவுசெய்து வெளியிட்டதன் மூலம், புகழ்பெறாத அக்குழுவின் பெயர் பெருந்திரளான இரசிகர்களைச் சென்றடைந்தது.

இரசிகர் சிற்றிதழ்களும் இரசிகர் நிறுவனங்களும்

மெட்டாலிக்காவின் தொடக்க ஆண்டுகளின் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இரசிகரின் செயல்பாட்டைக் காணமுடிகிறது. குழுவின் பெயரே சான் பிரான்சிஸ்கோவில் சிற்றிதழ் தொடங்க முனைந்த இரான் குவின்டானா பரிசீலித்த பெயர்களுள் ஒன்று. அவர் தம் இதழுக்கு 'மெட்டல் மேனியா' என்று பெயரிட்டார். குழுவின் முதல் வெளியீடு, இசைத்தட்டுக் கடையில் பணிபுரிந்துகொண்டே சிற்றிதழ் நடத்திய பிரையன் ஸ்லேகல் 1982ஆம் ஆண்டு தொகுத்து வெளியிட்ட 'மெட்டல் மாசக்கர்' என்னும் இசைத்தட்டில் இடம்பெற்ற ஒரு பாடலாகும். ஸ்லேகலின் இம்முயற்சியே மெட்டல் பிளேடு நிறுவனமாக வளர்ந்தது.

1982 ஜூலையில் பதிவான 'நோ லைஃப் டில் லெதர்' என்னும் ஏழு பாடல் கொண்ட மாதிரி ஒலிநாடா பரிமாற்றத்தின்வழி விரைந்து பரவியது. நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு சந்தை வளாகத்தில் இசைத்தட்டுக் கடை நடத்திய ஜான் சசூலா, மார்ஷா சசூலா இணையர் தம் கடைக்கு வந்துசேர்ந்த மெட்டாலிக்கா ஒலிநாடாவைக் கேட்டு, அக்குழுவைக் கலிபோர்னியாவிலிருந்து வரவழைத்தனர். வேறு நிறுவனங்கள் முன்வராத நிலையில் தாமே மெகாஃபோர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, 1983 ஜூலையில் 'கில் தெம் ஆல்' என்னும் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டனர்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய போக்கன்று. பிரேசிலின் பெலோ ஒரிசாந்தி நகரில் கோகுமெலோ என்னும் இசைத்தட்டுக் கடை 1985ஆம் ஆண்டு வெளியீட்டு நிறுவனமாக மாறி, செபுல்துரா குழுவின் முதல் பதிவை வெளியிட்டது. கடையில் கூடிய இரசிகர்களும், அங்கிருந்து எழுந்த குழுக்களும், அவற்றை வெளியிட்ட நிறுவனமும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவையாக இருந்தன.

இரசிகர் முயற்சிகள் யாவும் இவ்வாறு இரசிகர் கையிலேயே நிலைத்தன எனக் கூறவியலாது. 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இளைஞர் சிலர், கிஸ் குழுவின் பாடல்களை ஒலிபரப்ப மறுத்த உள்ளூர் வானொலி நிலையத்தைத் தொலைபேசி அழைப்புகளாலும் கடிதங்களாலும் இணங்கவைத்தனர். அவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட 'கிஸ் ஆர்மி' என்னும் பெயர் பின்னர் அக்குழுவின் அதிகாரப்பூர்வ இரசிகர் மன்றத்தின் பெயராயிற்று. தன்னார்வத்தில் பிறந்த பெயர் வணிகப்பொருளாக மாறக்கூடும் என்பதற்கு இது முன்னோடிச் சான்று.

நாப்ஸ்டர் வழக்கு

1980களின் தொடக்கத்தில் பிரித்தானிய இசைத்தட்டுத் தொழில்துறை, வீட்டில் ஒலிநாடாவில் பதிவுசெய்வது இசையையே அழித்துவிடும் என்னும் பொருள்பட இயக்கம் நடத்தியது. அதே காலத்தில் ஹெவி மெட்டல் குழுக்கள் வீட்டில் பதிவுசெய்யப்பட்ட ஒலிநாடாக்களாலேயே உயிர்பெற்றன. இம்முரண் இரு பத்தாண்டுகளுக்குப் பின்னர் மெட்டாலிக்காவின் வாழ்விலேயே வெளிப்பட்டது.

1999ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நாப்ஸ்டர், பயனர்கள் தம் கணினிகளிலுள்ள இசைக்கோப்புகளை இணையத்தின்வழிப் பகிர்ந்துகொள்ள உதவிய சேவையாகும். மெட்டாலிக்கா ஒரு திரைப்படத்திற்காக உருவாக்கிக்கொண்டிருந்த பாடலின் முற்றுப்பெறாத வடிவம் இதன்வழிப் பரவி, அமெரிக்க வானொலி நிலையங்களில் ஒலித்தது. 2000 ஏப்ரலில் குழு வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதம், தன் பாடல்களைப் பகிர்ந்ததாகக் கண்டறிந்த 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்பெயர்களின் பட்டியலை உல்ரிக் நாப்ஸ்டர் அலுவலகத்தில் ஒப்படைத்தார். ஜூலையில் அமெரிக்கச் செனட் குழுவின்முன் சாட்சியமும் அளித்தார். 2001 ஜூலையில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஒலிநாடாப் பரிமாற்றத்தால் உயர்ந்தவர்களே இரசிகர்களைக் குற்றவாளிகளாக்குகின்றனர் என்னும் கண்டனம் பரவலாக எழுந்தது.

ஒப்பீடு

இக்கண்டனம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை மூன்று கூறுகளைக் கொண்டு மதிப்பிடலாம்.

முதலாவது, இசைவு. மாதிரி ஒலிநாடா படியெடுக்கப்படவேண்டும் என்னும் நோக்கத்துடனேயே குழுவால் கொடுக்கப்பட்டது. முற்றுப்பெறாத பாடல் அவ்வாறு கொடுக்கப்பட்டதன்று. எனினும், நிகழ்ச்சிகளில் மறைவாகப் பதிவுசெய்யப்பட்டவையும் பரிமாற்றப் பட்டியல்களில் இருந்தன. அவற்றுக்கு எவரும் இசைவு பெறவில்லை. ஆகவே இசைவு மட்டுமே வேறுபாட்டை விளக்கப் போதாது.

இரண்டாவது, கைம்மாறு. கொடை என்பது பெறுதலையும் திருப்பித் தருதலையும் கடமையாக்குகிறது என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஆய்வில் விளக்கினார். பரிமாற்றத்தில் ஈடுபட்டோர் ஒருவரையொருவர் பெயராலும் முகவரியாலும் அறிந்திருந்தனர். வாங்கியவர் திருப்பித் தராவிடில் அவருடைய நற்பெயர் கெட்டது. நாப்ஸ்டர் பயனரோ எவருக்கும் கடன்படாமல் பெறமுடிந்தது.

மூன்றாவது, படியின் தன்மை. ஒலிநாடாவைப் படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடித் தெளிவு குன்றும். பலமுறை கைமாறிய படி, முறையான இசைத்தட்டு வரும்போது அதனை வாங்கும் விருப்பத்தைத் தூண்டியது. எண்ணிமக் கோப்பு எத்தனை முறை பகிரப்பட்டாலும் தேய்வதில்லை. அது இசைத்தட்டின் இடத்தையே எடுத்துக்கொள்ளவல்லது.

இம்மூன்று கூறுகளும் மெட்டாலிக்காவின் தரப்புக்கு ஓரளவு வலுசேர்க்கின்றன. ஆனால் இவற்றுள் எதுவும் இரசிகரின் நோக்கத்தைப் பற்றியதன்று. 1982இல் அறியப்படாத குழுவொன்றின் ஒலிநாடாவை நண்பருக்கு அனுப்பியவரும், 2000இல் அறியப்படாத குழுவொன்றின் கோப்பைப் பகிர்ந்தவரும் ஒரே பணியையே செய்தனர். மாறியவை கருவியும், குழுவுக்கு இரசிகர்பால் இருந்த தேவையுமாகும். பெயரற்ற குழுவுக்குப் படியெடுப்பவர் துணைவர். பெயர்பெற்ற குழுவுக்கு அவரே போட்டியாளர்.

முடிவுரை

ஹெவி மெட்டல் இசையின் பரவலில் இரசிகர் தேர்ந்தெடுப்பவராகவும் படியெடுப்பவராகவும் இதழாசிரியராகவும் வெளியீட்டாளராகவும் செயல்பட்டமையை மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன. இப்பணிக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. வெளியீட்டு நிறுவனங்களின் கணக்கிலும் அதற்கு இடமில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் இசைப்படி ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் உரிமை பெற்றவர் அல்லது உரிமையை மீறியவர். பரப்பியவர் என்னும் மூன்றாம் நிலைக்கு அங்குப் பெயரில்லை. நாப்ஸ்டர் வழக்கு எழுப்பிய மனக்கசப்பின் வேர் இப்பெயரின்மையில் உள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

2015ஆம் ஆண்டு மெட்டாலிக்கா 'நோ லைஃப் டில் லெதர்' தொகுப்பை ஒலிநாடா வடிவிலேயே விற்பனைக்கு வெளியிட்டது. ஒருகாலத்தில் இரசிகர்கள் தம் செலவில் படியெடுத்து வழங்கிய பொருள், விலையுள்ள நினைவுப்பொருளாகக் கடைக்கு வந்தது. அதனை 33 ஆண்டுகளுக்கு முன்னர் உறையிலிட்டு அனுப்பியவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் எவ்வரலாற்றிலும் பதிவாகவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கடிதங்கள், பட்டியல்கள், சிற்றிதழ்கள் ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு ஆராயும்போதே வெகுசன இசையின் வரலாறு முழுமைபெறும்.