மழையிலும் குஞ்சு பிழைக்க கொல்லையில் ஒரு புரூடர்

கோழிக்குஞ்சுக்கு முதல் நான்கு வாரமே கண்டம். இறகு முளைக்கும் வரை தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் இயலாது. புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் பெருமழை. அந்நாட்களில் நனைந்த குஞ்சு ஒரே இரவில் விறைத்துப் போகும். காகம், பருந்து, கீரி, பூனைக்கு இரையாவதும் உண்டு. கொல்லையிலேயே ஒரு சிறு புரூடர் அமைத்தால் இந்த இழப்பைப் பெரிதும் குறைக்கலாம். குஞ்சுகளைப் பிரித்துவிட்டால் தாய்க்கோழியும் விரைவில் மறு முட்டைக்கு வரும்.

அமைப்பு

5 அடி நீளம், 3 அடி அகலமுள்ள மரப்பெட்டி 25 முதல் 30 குஞ்சுகளுக்குப் போதும். குஞ்சு ஒன்றுக்கு அரை சதுர அடி இடம் வேண்டும். பெட்டியை மேட்டுப் பாங்கான இடத்தில், தரையிலிருந்து 2 அடி உயரத்தில், நான்கு கால்கள் மீது நிறுத்த வேண்டும். எறும்பு ஏறாதிருக்கக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைக்கலாம். பக்கங்களில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தால் பாம்பும் பெருச்சாளியும் நுழையா. கூரை நாற்புறமும் ஒன்றரை அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். சாரல் வரும் பக்கம் சாக்குப் படுதா கட்டி, மேலே நான்கு அங்குலம் காற்றுக்கு விடவேண்டும்.

அடியில் 2 அங்குலத்திற்கு உலர்ந்த நெல் உமி பரப்பி, முதல் மூன்று நாட்கள் அதன் மேல் செய்தித்தாள் விரிக்க வேண்டும். இல்லாவிடில் குஞ்சுகள் தீவனமென்று உமியைத் தின்னும். உமி நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். இரத்தக்கழிச்சல் நோய்க்கு ஈரமே துணை.

வெப்பம்

முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு 5 டிகிரி குறைக்கலாம். 25 குஞ்சுகளுக்கு 40 வாட் குண்டு பல்பு இரண்டு போதும். ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, போதிய சூடு தராது.

வெப்பமானி இல்லாதவர்கள் குஞ்சுகளையே பார்த்து அறியலாம். பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். மூலையில் ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரியான நிலை. சித்திரை, வைகாசியில் பகலில் பல்பு பெரும்பாலும் தேவைப்படாது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தன. புயல் நாட்களில் மின்சாரம் நிற்கும் என்பதால் மண்சட்டியும் அடுப்புக்கரியும் கைவசம் இருத்தல் நன்று. புகை அடங்கிய கனலைச் சட்டியிலிட்டு, குஞ்சு விழாதபடி வலையால் மூடி வைக்க வேண்டும். படுதாவை முழுதும் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் கரியின் நச்சுக்காற்றே குஞ்சுகளைக் கொன்றுவிடும்.

தீவனமும் தடுப்பூசியும்

வந்தவுடன் காய்ச்சி ஆறிய நீர், பிறகு உடைத்த சோளம் அல்லது நொய். இரண்டாம் நாளிலிருந்து குஞ்சுத் தீவனம். நீர்த்தட்டு ஆழமற்றதாக இருத்தல் வேண்டும்; நடுவில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது.

கூட்டத்தையே அழிக்கவல்லது வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய். 7-ஆம் நாள் எஃப் அல்லது லசோட்டா தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடவேண்டும். 8-ஆவது வாரம் இறக்கையில் ஊசி போட வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவந்து, காலை அல்லது மாலைக் குளிர்ந்த வேளையில் கொடுப்பது முறை. நோய் கண்ட பின் போடுவதில் பயனில்லை.

புதுச்சேரி விவசாயிகள் குரும்பாப்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, அங்குள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம். குஞ்சு வாங்குமுன் புரூடரை ஒரு நாள் சூடேற்றிப் பார்த்துவிடுவது எப்போதும் நல்லது.