மூக்கு உடைஞ்ச பொம்மையை வாங்கலாமா?



நவராத்திரி முடிஞ்ச மறுநாள் டவுன் கடைத்தெருவில் நடந்து பார்த்திருக்கீங்களா? நேத்து வரைக்கும் விலை சொல்லி அசராமல் நின்ன பொம்மைக் கடைக்காரர், இன்னைக்கு நம்மைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார். மூலையில் ஒரு கூடை இருக்கும். விரல் போனது, மூக்கு சிதைஞ்சது, சாயம் உரிஞ்சது எல்லாம் அதில்தான் கிடக்கும். முழு பொம்மை விற்ற விலையில் பாதி, சில சமயம் கால்வாசி. "அள்ளிக்கிட்டுப் போங்கம்மா, திரும்ப வண்டி வச்சு ஏத்த எனக்குக் கட்டாது" என்பார்.

நம்மில் பல பேர் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் டவுனில் வைக்கிறவங்களுக்கு மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி கட்டி, ஒன்பது நாள் பொம்மை அடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது படியில் ஏறணும் என்பது பல வீடுகளில் பழக்கம். ஆவணியிலேயே வியாபாரம் தொடங்கிவிடும். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி போன்ற ஊர்களில் இருந்து பொம்மைகள் வைக்கோலில் சுற்றி லாரி ஏறும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதி மாதிரி இடங்களில் இறங்கும். ஏற்றி இறக்குவதில் எத்தனை உடையும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மலிவுக் கூடை நிரம்புவது அப்படித்தான்.

இந்தக் கூடையை வாங்கி, சரி பண்ணி, அடுத்த வருஷம் விற்றால் என்ன என்று எங்கள் குழுவுக்கு ஒரு ஆசை வந்தது. முதல் வருஷம் கையைச் சுட்டுக்கொண்டோம். அந்தக் கதையை மறைக்காமல் எழுதச் சொல்லி உறுப்பினர்களே சொன்னதால் எழுதுகிறேன்.

ஒரு மொத்த வியாபாரியிடம் 75 பொம்மை, ஒன்று 80 ரூபாய் என்று மொத்தமாகப் பேசி முடித்தோம். 6,000 ரூபாய். உள்கடனாக எடுத்தது. வண்டி வாடகை 900. "பிரிச்சுப் பார்க்கலாமா?" என்று எங்கள் பிரதிநிதி கேட்டதுக்கு, "கட்டினது கட்டினபடி எடுத்தாத்தான் இந்த விலை" என்றார். நாங்களும் தலையாட்டினோம். வீட்டில் பிரித்தால் 22 பொம்மை ஒன்றுக்கும் உதவாது. மழையில் நனைஞ்ச பிளாஸ்டர். தொட்டால் பெயின்ட் பொருக்குப் பொருக்காக வருது, உள்ளே மாவு மாதிரி உதிருது. மிச்சம் 53. அதற்குப் பசை, பெயின்ட், பிரஷ் எல்லாம் 1,450. ஆக மொத்தம் 8,350 ரூபாய் போட்டாச்சு. அடுத்த சீசனில் 41 பொம்மையை 200 ரூபாய் வீதம் விற்று 8,200 வந்தது. 150 ரூபாய்தானே நஷ்டம் என்று தோணும். இல்லை! ஐப்பசியில் வாங்கினது புரட்டாசியில்தான் விற்குது. பதினோரு மாசம் பணம் பொம்மையாக அட்டத்தில் தூங்குது. 6,000 ரூபாய்க்கு நூற்றுக்கு ஒரு வட்டி போட்டாலே 660. நஷ்டம் 810. நாங்கள் உட்கார்ந்து வேலை செய்த மதிய நேரத்துக்குக் கூலியே போடவில்லை.

அதனால் முதல் பாடம், எந்த பொம்மையையும் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீங்க. பார்ப்பது எப்படி?

அடியில் திருப்புங்கள். கொலு பொம்மை பெரும்பாலும் உள்ளே கூடாகத்தான் இருக்கும், அடியில் திறந்திருக்கும். உள்பக்கம் செம்மண் நிறமாக இருந்தால் சுட்ட மண். சாம்பல் நிறத்தில் நார் நாராக, எடை குறைவாக இருந்தால் காகிதக் கூழ். வெள்ளை வெளேர் என்று இருந்து, நகத்தால் சுரண்டினால் மாவு வந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். சுட்ட மண்ணை ஒட்டலாம். காகிதக் கூழை இன்னும் சுலபமாகச் சரி பண்ணலாம், கீழே விழுந்தாலும் அவ்வளவு லேசில் உடையாது. பிளாஸ்டர் காய்ஞ்சிருந்தால் சரி, ஈரம் வாங்கியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மண் பொம்மையைத் தட்டிப் பாருங்கள். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், சட்டி பானை வாங்கும்போது செய்கிறதுதான். கணீர் என்று கேட்டால் நல்லது. 'டப்' என்று அமுங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கேயோ ஓடுது. கண்ணுக்குத் தெரிகிற உடைசலைவிட அதுதான் மோசம்.

பிறகு, உடைஞ்சது எது என்று பாருங்கள். விரல், காது, கிரீட நுனி, பீடத்தின் ஓரம் இதெல்லாம் கை வேலையில் சரியாகும். எம்-சீல் மாதிரி இரண்டு உருண்டையாக வருவதைச் சம அளவு பிசைந்து வைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, உப்புத்தாள் போட்டால் போதும். ஆனால் முகம் வேறு. கண் எழுதுவதை பொம்மைக்காரர்கள் கடைசியாகத்தான் செய்வார்கள், கை பழகியவர்தான் செய்வார். நாங்கள் வீராப்பாக எழுதிய ஒரு லட்சுமிக்கு ஒரு கண் தெற்கே பார்த்தது, ஒரு கண் வடக்கே பார்த்தது! கண் போன பொம்மை எவ்வளவு மலிவாக வந்தாலும், எழுதித் தர ஆள் இருந்தால் மட்டும் எடுங்கள்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் தலை, இடுப்பு, பாவாடை தனித்தனியாகக் கழன்று வருகிற வகையில், உள்ளே இருக்கும் கம்பி வளைஞ்சிருந்தால் நிமிர்த்திவிடலாம். சாய்த்தால் நிமிர்கிற ராஜா ராணி பொம்மை ஒரு பக்கமாகவே படுத்துக்கிடந்தால் விட்டுவிடுங்கள். அடி கனம் இடம் மாறிப்போச்சு என்று அர்த்தம்.

செட்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தசாவதாரத்தில் ஒன்று குறைந்தால் ஒன்பது பொம்மையும் சும்மா. இரண்டு உடைஞ்ச செட்டை வாங்கி ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தோம். ஒரு செட்டு எட்டு அங்குலம், இன்னொன்று எட்டரை. பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடுது. அதுவே கடைத்தெரு செட்டில் ஒரு காய்கறிக்கூடை குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள்? செட்டியார் பொம்மைக்குத் தோளில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் என்ன?

இதில்தான் முக்கியமான விஷயம் இருக்கு. உடைஞ்ச சாமியைப் பின்னம் என்பார்கள். பல வீடுகளில் அதைப் படியில் வைக்க மாட்டார்கள். எங்கள் குழுவில் கை ஒட்டிய ஒரு அம்பாளை, ஒட்டினது என்று சொல்லாமலே விற்றுவிட்டோம். கொலுவில் மூணாம் நாள், விளக்கு வைக்க நகர்த்தும்போது கை தனியாக வந்துவிட்டது. அந்த அம்மா சத்தம் போடவில்லை. பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "கேட்டிருந்தா நானே முடிவு பண்ணியிருப்பேனே, ஏம்மா சொல்லலை?" என்றுதான் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த வார்த்தையைத் திருப்ப முடியவில்லை. அந்த வாரமே தீர்மானம் போட்டோம். ஒட்டின பொம்மை ஒவ்வொன்றின் அடியிலும் 'கை ஒட்டியது', 'பீடம் சரி செய்தது' என்று சீட்டு ஒட்டித்தான் விற்கணும். சாமி பொம்மையில் சாயக் குறை மட்டும் உள்ளதை எடுப்பது, உடைசல் உள்ளதை எடுப்பதே இல்லை. மனுஷ பொம்மை, மிருக பொம்மையில் எந்தக் குறையும் பரவாயில்லை.

வேலை செய்யும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பார்த்தால் தெரியாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பொம்மையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும், கையோடு சோற்றுக்கும் போகும். சின்னப் பிள்ளைகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் அது விஷம். சுட்ட மண் என்றால் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள், தூசி பறக்காது. காகிதக் கூழ், பிளாஸ்டர் என்றால் தேய்க்கவே வேண்டாம், பிழிந்த துணியால் துடைத்துவிட்டு மேலே அடியுங்கள். அடுப்படியில் வைத்துச் செய்யாதீங்க. முகத்தில் மூடி கட்டுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இன்னொன்று. பாட்டி காலத்து பொம்மை கைக்கு வந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீங்க. பழசு சேகரிக்கிறவர்கள் பழைய சாயத்துக்குத்தான் விலை கொடுப்பார்கள், மங்கியிருந்தாலும் சரி. புதுசாக அடித்தால் அது சாதாரண பொம்மை ஆகிவிடும். தூசி தட்டி அப்படியே காட்டுங்கள்.

இரண்டாம் வருஷம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இரண்டு பேர் போய், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து 30 பொம்மை எடுத்தோம். விலை 110 ரூபாய், முந்தின வருஷத்தைவிட அதிகம்தான். 3,300. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம், செலவு 300. பெயின்ட் வகையறா 700. விற்றது 28, ஒன்று 240 ரூபாய் வீதம் 6,720. செலவு 4,300, உள்கடன் வட்டி 363 போக 2,057 ரூபாய் நின்றது. நாலு பேர் வேலை செய்தோம், ஆளுக்கு ஐந்நூற்றுச் சொச்சம். இதை நம்பி ஆடு மாட்டை விற்காதீங்க! வேலை இல்லாத மதியத்தில் செய்கிற வேலைக்கு இது சரி, அவ்வளவுதான்.

சீட்டைப் படித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. விற்காத இரண்டும் அப்படி நின்றவைதான். ஒன்று காது ஒட்டின யானை, இப்போது பால்வாடியில் பிள்ளைகள் எட்டாத அலமாரியில் நிற்குது. இன்னொன்று அந்தக் கண் கோணின லட்சுமி. அதை யாருக்கும் கொடுக்கவில்லை.