உஷார்! ஹேங் ஆகும் ஆபீஸ் போனை ஆஃப் பண்ணும் முன்…

கடலூரிலோ சிதம்பரத்திலோ உங்கள் அலுவலகத்துப் போன்களையெல்லாம் இணைக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டி அடிக்கடி ஹேங் ஆகிறதா? எல்லா எக்ஸ்டென்ஷனிலும் டயல்டோன் செத்துப்போய், யாராவது ஓடிப்போய் சுவிட்சை அணைத்துப் போட்டதும் உயிர் வருகிறதா? “அது அப்படித்தான் சார், ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடும்” என்று வாட்ச்மேன் வரைக்கும் பழகிவிட்டதா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அடுத்த முறை அந்தச் சுவிட்சில் கை வையுங்கள்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் நம் ஊர்தான். ஐப்பசி பிறந்தால் மார்கழி முடியும்வரை இந்தக் கரையில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்தவே பல நாள் ஆயிற்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அதோடு விட்டது என்று நினைத்த நேரத்தில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை ஆறு கடலூர்க் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட நாளில் ஒரு மருத்துவமனையின், பள்ளிக்கூடத்தின், ஆலையின் போன் ஹேங் ஆகி நின்றால், எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் எடுக்கவில்லை என்றுதான் கூப்பிட்டவர் நினைப்பார். போன் கெட்டுப்போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. கம்பி அறுந்த போனைவிட ஹேங் ஆன போன் ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை நினைத்துப் பாருங்கள். 2021 மே 13 அன்று அங்கே ஒரு பூச்சிமருந்து ஆலையில் பாய்லர் வெடித்து 4 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடங்களில் கேட்டுக்கும் பிளாண்டுக்கும், பிளாண்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே இருப்பது இந்தச் சுவர்ப்பெட்டிதான். அதை ஒரு மேசை விசிறி மாதிரி நடத்தலாமா?

முதலில், ஆஃப் பண்ணினால் என்ன கெட்டுப்போகிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய இபிஏபிஎக்ஸ் பலவற்றில் எக்ஸ்டென்ஷன் எண்கள், எந்த அழைப்பு எங்கே போக வேண்டும், யாருக்கு எஸ்டிடி உண்டு என்ற புரோகிராம் முழுவதும் ஒரு சின்னப் பட்டன் பேட்டரியின் தயவில் நிற்கிறது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை பேட்டரி தீர்ந்தது யாருக்கும் தெரியாது. நீங்கள் சுவிட்சை அணைக்கும் அந்தக் கணத்தில்தான் தெரியும். மறுபடி போட்டால் பெட்டி ஓடும், ஆனால் கம்பெனியில் செய்து அனுப்பிய நாளில் இருந்த நிலைக்குப் போயிருக்கும். புரோகிராம் செய்து கொடுத்தவர் ஊரை விட்டே போயிருப்பார். ஆகவே பெட்டி நன்றாக ஓடுகிற ஒரு நாளில், இன்றைக்கே முடிந்தால், பேக்கப் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். பேக்கப் எடுக்க வழியில்லாத பழைய பெட்டியா? எக்ஸ்டென்ஷன் பட்டியலையாவது காகிதத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது சேதம், ஆஃப் பண்ணியதும் தடயம் போய்விடுகிறது. எந்த விளக்கு எரிந்தது, எது நின்றிருந்தது, கடைசியாகப் பெட்டி என்ன பதிவு செய்தது, எல்லாம் துடைத்துவிட்ட பலகை. சர்வீஸ் ஆள் வரும்போது பெட்டி சொகுசாக ஓடிக்கொண்டிருக்கும். அவர் ஒரு கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டி, பில் போட்டுவிட்டுப் போவார்.

ரீஸ்டார்ட்டே கோளாறைப் பரப்பிய கதையும் உண்டு. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நியூயார்க் எக்ஸ்சேஞ்ச் ஒன்று சிறு கோளாறால் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டது. சில விநாடிகளில் எழுந்து, ‘நான் வந்துவிட்டேன்’ என்று பக்கத்து எக்ஸ்சேஞ்சுகளுக்குச் செய்தி அனுப்பியது. புது சாஃப்ட்வேரில் இருந்த ஒரு பிழையால், அந்தச் செய்தியை வாங்கிய எக்ஸ்சேஞ்சுகள் குழம்பிப்போய் அவையும் ரீஸ்டார்ட் ஆயின. அவை எழுந்து செய்தி அனுப்ப, அடுத்தவை விழுந்தன. 114 எக்ஸ்சேஞ்சுகள், ஒன்பது மணி நேரம். ஒவ்வொன்றும் ரீஸ்டார்ட் ஆனதும் சரியாகத்தான் தெரிந்தது.

சரி, ஹேங் ஆன நேரத்தில் என்ன செய்வது? செல்போனை எடுத்துப் பெட்டியைப் படம் பிடியுங்கள். எல்லா விளக்குகளும் தெரியட்டும். மணியை எழுதுங்கள். எல்லா எக்ஸ்டென்ஷனும் போச்சா, எட்டு எட்டாக ஒரு கார்டில் இருப்பவை மட்டும் போச்சா? உள்ளுக்குள் பேச முடிகிறதா, வெளி லைன் மட்டும் இல்லையா? அந்த நேரத்தில் கரண்ட் போய் வந்ததா, ஜெனரேட்டர் ஓடியதா, ஏசி நின்றிருந்ததா, இடி இடித்ததா? இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் ஆஃப் பண்ணுங்கள். அணைத்து அரை நிமிடம் பொறுத்து, பிறகு போடுங்கள். சில வாரம் எழுதினாலே அந்த நோட்டு பேச ஆரம்பித்துவிடும். அந்த நோட்டு இல்லாமல் கார்டு மாற்றச் சொல்கிற எவரையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கரண்ட் போய் வந்த நேரத்தோடு ஹேங் ஒத்துப்போனால், குற்றவாளி பெரும்பாலும் பெட்டி இல்லை, அதற்குச் சோறு போடுகிற பவர் சப்ளைதான். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாள், அதற்கு மறுநாள், இவற்றை நோட்டில் தேடிப் பாருங்கள். மின்தடையின்போது சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாற சில மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டர் இன்னும் தாமதிக்கும். பெட்டியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள கெப்பாசிட்டர் நல்ல நிலையில் இருந்தால் அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும். நம் ஊர்ச் சூட்டில் சில வருடம் வெந்து அது வற்றிப்போயிருந்தால் தாங்காது. வோல்டேஜ் முழுசாகப் போனால் பிராசசர் ஒழுங்காக அணைந்து மறுபடி எழும். பாதி இறங்கி ஏறினால்தான் அணையவும் தெரியாமல் ஓடவும் தெரியாமல் நின்றுவிடும். நீங்கள் பார்க்கும் ஹேங் அதுதான். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் முடிவு கட்டிவிடலாம். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். கை வைத்தால் உயிர் போகும்.

எர்த் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மின்னல் தடுப்பு மாட்யூல் போட்டிருக்கிறோம், பயமில்லை என்று பல அலுவலகங்களில் இருக்கிறார்கள். வெளி லைன் வழியாக வரும் மின்னல் பாய்ச்சலை அந்த மாட்யூல் எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? எர்த்தில்தான். அந்த எர்த் ஒயர் தரையைத் தொடும் இடத்தில் அறுந்திருந்தால் மாட்யூல் வெறும் அலங்காரம். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கத்து மணலில் கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும்; உப்புக் காற்றும் உப்பு ஈரமும் ஜிஐ பைப்பைத் தின்றுவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் முதல் வேலை அதுதான். எர்த் ரெசிஸ்டன்ஸ் ஐந்து ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள், சித்திரை வைகாசியில் அளந்து பாருங்கள்.

அதே உப்புக் காற்று ஒயர் முனைகளையும் விடுவதில்லை. ஒயர்களைச் சேர்க்கும் க்ரோன் மாட்யூலில் செம்பு பச்சை பூத்திருந்தால் இரைச்சலும் ஒரு பக்கக் குரலும் வரும். ஈரம் ஏறி லைன் ஷார்ட் ஆனால், ரிசீவரை எடுத்து வைத்த மாதிரி பெட்டி நினைத்துக்கொண்டு அந்தப் போர்ட்டையே பிடித்து வைத்திருக்கும். மதியம் இரண்டு மூன்று மணிக்கே ஹேங் வருகிறதென்றால் சூடு. பெட்டியை அடைத்து வைத்திருக்கும் பைல்களை நகர்த்துங்கள். வெள்ளத்தையும் நினைத்து, தரையோடு மாட்டியிருந்தால் இடுப்புக்கு மேலே ஏற்றுங்கள். 2024இல் தென்பெண்ணை வந்த உயரம் ஊருக்கே தெரியும். கொள்ளிடமும் வெள்ளாறும் பெருகினால் சிதம்பரத்துச் சுற்றுப்புறம் என்னவாகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐபி போன் வைத்திருக்கும் அலுவலகங்களில் வேறு இரண்டு பேய்கள். ஒன்று லூப். யாரோ தெரியாமல் ஒரே நெட்வொர்க் சுவிட்சின் இரண்டு போர்ட்டுகளை ஒரே ஒயரால் இணைத்துவிட்டால் நெட்வொர்க் தன்னையே சுற்றிச் சுற்றி மூச்சுமுட்டும். போனும் போகும், கம்ப்யூட்டரும் மந்தமாகும். மற்றது, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வரும் ஹேங். இதைக் கண்டால் உடனே உஷாராகுங்கள். ஐபி போன்களை நடத்தும் சிப் (SIP) சர்வரின் 5060 போர்ட் இணையத்துக்குத் திறந்து கிடந்தால், உலகின் எந்த மூலையிலிருந்தோ தானியங்கி நிரல்கள் எக்ஸ்டென்ஷன் எண்ணையும் பாஸ்வேர்டையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டலிலேயே பெட்டி திணறி நிற்கும். எக்ஸ்டென்ஷன் 101க்கு 101 என்றே பாஸ்வேர்டு இருந்தால் உள்ளே வந்துவிடுவார்கள், உங்கள் லைனில் வெளிநாட்டுக்கு விடிய விடியப் பேசுவார்கள், பில் உங்கள் வாசலுக்கு வரும். கால் பதிவுகளை எடுத்து நள்ளிரவு அழைப்புகளைப் பாருங்கள். தேவையில்லாத ஐஎஸ்டியை மூடுங்கள். 5060ஐ உங்கள் லைன் கொடுக்கும் நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் திறந்து, மற்றவர்களுக்கு அடையுங்கள்.

இன்னொரு காரணம் கால் ரெக்கார்டிங். ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் பல சர்வர்கள் அப்படியே நின்றுவிடும். அப்போது வரும் ஆள் சுலபமாக ஒன்று சொல்வார்: “ரெக்கார்டிங்கை நிறுத்திடலாம் சார்.” சம்மதிக்காதீர்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 பிள்ளைகளை இழந்தோம். அங்கே போன் ஹேங் ஆனதாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ரயில்வே கேட் அன்று சிக்னலோடு இணைக்கப்படாமல் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் சொல்லிக்கொள்ளும் வார்த்தைதான் அன்று அங்கே பாதுகாப்பாக இருந்தது. அதன் பிறகு ரயில்வே அமைச்சகம் போட்ட உத்தரவுகளில் ஒன்று, இப்படிப்பட்ட கேட்களின் குரல் பதிவுகளைத் தினமும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது. பேசியது பதிவாகிறதா என்று பார்க்கும் அக்கறை எவ்வளவு பெரியது என்பதை இந்த மாவட்டம் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறது. பழைய பதிவுகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள், இடம் குறைந்தால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். பதிவை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பொய்த் தைரியத்தைச் சொல்லியாக வேண்டும். கரண்ட் போனால் ஒரு வெளி லைன் தானாகவே ஒரு குறிப்பிட்ட போனுக்கு நேரடியாக மாறும் வசதி பல பெட்டிகளில் உண்டு. பெட்டி ஹேங் ஆகும்போது அது வேலை செய்யாது. கரண்ட் இருக்கும்வரை ரிலே பிடித்துக்கொண்டே இருக்கும், லைன் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். அவசரமென்றால் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினால்தான் அந்த லைன் விடுபடும். இந்தப் பிளக் எது, அந்தப் போன் எந்த மேசையில் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஃபைபர் லைனுக்கு மாறியவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய செம்புக் கம்பி எக்ஸ்சேஞ்சிலிருந்தே தன் கரண்டைக் கொண்டுவந்தது. ஃபைபர் அப்படியில்லை, மோடத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் லைனே இல்லை. அதற்கும் தனி பேட்டரி வேண்டும்.

ஒரு விடுமுறை நாளில், மழை தொடங்கும் முன், இதைச் செய்து பாருங்கள். பேக்கப் எடுத்துக்கொண்டு மெயின் பிளக்கைப் பிடுங்குங்கள். உங்கள் செல்போனிலிருந்து அலுவலக எண்ணுக்கு அடியுங்கள். நேரடிப் போன் மணி அடிக்கிறதா? அதிலிருந்து வெளியே அடித்தால் போகிறதா? 108க்கோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077க்கோ சோதனைக்காக அடித்து அவர்கள் லைனை அடைக்காதீர்கள்; வீட்டு எண்ணுக்கு அடித்துப் பார்த்தால் போதும். மணி அடிக்கவில்லையென்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு ஒருவரும் வரமாட்டார்கள்.