டாக்கிங் ஸ்டேஷனும் இரண்டு மானிட்டர்களும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

லேப்டாப்புடன் இரண்டு மானிட்டர்களை இணைத்து வேலை பார்ப்பது இன்று வீடுகளிலும் சாதாரணமாகிவிட்டது. அதற்காக விற்கப்படும் டாக்கிங் ஸ்டேஷன்களின் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி முப்பதாயிரத்தையும் தாண்டுகிறது. விலை கூடியதை வாங்கிவிட்டால் படம் வந்துவிடும் என்று நம்பி ஏமாறுபவர்கள் பலர். எத்தனை மானிட்டரில் படம் வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது லேப்டாப்தான். டாக் அதற்கு அடுத்த இடத்தில்தான் இருக்கிறது.

டாக்கிங் ஸ்டேஷன் எல்லோருக்கும் அவசியமா?

இல்லை. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்து, டைப்-சி போர்ட் வழியாகவும் படம் வருமானால், ஒரு மானிட்டரை எச்டிஎம்ஐயிலும் இன்னொன்றை டைப்-சியிலும் நேரடியாக மாட்டிவிடலாம். தினமும் லேப்டாப்பை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று திரும்புபவர்களுக்குத்தான் டாக் உண்மையில் கைகொடுக்கிறது. மானிட்டர்கள், கீபோர்டு, மவுஸ், இன்டர்நெட் கேபிள் எல்லாம் டாக்கில் நிரந்தரமாக மாட்டியபடியே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கேபிளைச் செருகினால் போதும், சார்ஜும் அதிலேயே ஏறும்.

என் லேப்டாப்பில் டைப்-சி போர்ட் இருக்கிறது. எந்த டாக் வாங்கினாலும் வேலை செய்யுமா?

செய்யாது. டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதற்குள் என்ன ஓடுகிறது என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். விலை குறைந்த பல மாடல்களில் அது தகவல் பரிமாற்றத்துக்கு மட்டுமே. பென்டிரைவ் வேலை செய்யும், படம் வராது. அடுத்த வகையில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி இருக்கும். இதில் படமும் வரும். மூன்றாவது வகை தண்டர்போல்ட். 2020-இல் அறிமுகமான தண்டர்போல்ட் 4 சான்று பெற்ற லேப்டாப் என்றால், 60 ஹெர்ட்ஸில் இரண்டு 4கே மானிட்டர்களை இயக்கும் திறன் அதற்குக் கட்டாயம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? போர்ட்டின் பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் தண்டர்போல்ட். ‘டி’ என்ற ஆங்கில எழுத்துக்குள் ‘பி’ எழுதியது போன்ற குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட். பல லேப்டாப்களில் எந்தக் குறியும் இருக்காது. அப்போது லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். ‘மூன்று 4கே மானிட்டர்’ என்று டாக்கின் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, எந்த லேப்டாப்பில் அது சாத்தியம் என்பதைப் பொடி எழுத்தில் ஒளிக்கிறார்கள். வாங்குபவருக்கு இழைக்கும் அநியாயம் இது.

இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் தெரிகிறது. என்ன செய்வது?

விண்டோஸ் என்றால் விண்டோஸ் பட்டனையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில், மேசை மேல் மானிட்டர்கள் இருக்கும் வரிசைப்படியே திரையில் தெரியும் கட்டங்களை இழுத்து வையுங்கள். வலப்பக்கம் நகர்த்தினால் மவுஸ் இடப்பக்கத் திரைக்குப் போகும் குழப்பம் அதோடு தீரும்.

அப்போதும் ஒரே படம் என்றால், நீங்கள் வாங்கியது டாக் அல்ல, எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டராக இருக்கலாம். ஒரு படத்தை இரண்டாக நகலெடுப்பதுதான் அதன் வேலை. இரண்டு வெவ்வேறு திரைகளை அதனால் தர முடியாது.

அதே டாக் நண்பரின் விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டு திரை காட்டுகிறது, என் மேக்புக்கில் காட்ட மறுக்கிறதே?

சாதாரண டைப்-சி டாக்குகள் ஒரே இணைப்பில் வரும் படத்தை எம்எஸ்டி என்ற முறையில் பிரித்து இரண்டு மானிட்டர்களுக்கு அனுப்புகின்றன. விண்டோஸ் இதை ஏற்கும். மேக்ஓஎஸ் ஏற்காது. ஆகவே மேக்கில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வரும்.

இதற்கு மேல் சிப்பின் வரம்பும் இருக்கிறது. எம்1, எம்2 சிப் கொண்ட மேக்புக் ஏர் வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் இயக்கும். 2024-இல் வந்த எம்3 ஏரில், லேப்டாப் மூடியை மூடினால் இரண்டு மானிட்டர்கள் கிடைக்கும். 2025-இல் வந்த எம்4 ஏரில் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு கிடைக்கும். பழைய ஏர் வைத்திருப்பவர் எவ்வளவு விலை கொடுத்துத் தண்டர்போல்ட் டாக் வாங்கினாலும் இந்த வரம்பு மாறாது.

வேறு வழியே இல்லையா?

டிஸ்ப்ளேலிங்க் என்ற சிப் உள்ள டாக்குகள் இருக்கின்றன. இவை படத்தைச் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி தகவலாக அனுப்புகின்றன. அதனால் பழைய மேக்புக் ஏரிலும், டைப்-சியில் படம் வராத விண்டோஸ் லேப்டாப்பிலும்கூட இரண்டு மானிட்டர்கள் கிடைக்கும். அதற்கான மென்பொருளை நிறுவ வேண்டும். மேக்கில் திரையைப் பதிவு செய்யும் அனுமதியையும் அதற்குக் கொடுக்க வேண்டும். படத்தைச் சுருக்கும் வேலை லேப்டாப்பின் பிராசசர் தலையில் விழுகிறது. எக்செல், மின்னஞ்சல், நிரல் எழுதுவது போன்ற வேலைகளுக்குக் குறையில்லை. வீடியோ எடிட்டிங்குக்கும் கேமுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேக்கில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றின் படங்கள் வெறும் கறுப்புத் திரையாகத் தெரியலாம். அது பழுதல்ல, காப்புரிமைப் பாதுகாப்பு.

4கே மானிட்டரில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது. மானிட்டர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியில் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். காரணம் எளிய கணக்குதான். டைப்-சி கேபிளில் அதிவேகத் தகவலுக்கு நான்கு தடங்கள் உண்டு. டாக் வேகமான யூஎஸ்பியும் தர வேண்டியிருப்பதால், இரண்டை அதற்கு ஒதுக்கிவிட்டு மீதி இரண்டில் படத்தை அனுப்புகிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தில் அந்த இரண்டு தடங்களில் நொடிக்கு 8.64 ஜிகாபிட்தான் போகும். 4கே படம் 60 ஹெர்ட்ஸில் ஓட சுமார் 12.5 ஜிகாபிட் வேண்டும். இடம் போதாததால் வேகம் பாதியாகிறது.

லேப்டாப், டாக் இரண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தரத்தில் இருந்தால் அதே இரண்டு தடங்களில் 12.96 ஜிகாபிட் போகும். ஒரு 4கே மானிட்டருக்கு அது மட்டுமட்டாகப் போதும். இன்னொரு இடத்திலும் சிக்கல் வரலாம். பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டும் 4கேயை 30 ஹெர்ட்ஸில்தான் தரும், 60-க்கு 2.0 வேண்டும். முழு எச்டி மானிட்டருக்கோ சுமார் மூன்றரை ஜிகாபிட் போதும். எனவே எழுத்து, கணக்கு சார்ந்த வேலை செய்பவர்களுக்கு என் யோசனை, இரண்டு முழு எச்டி மானிட்டர்களும் ஒரு நடுத்தர விலை டாக்கும். மிச்சமாகும் பணத்தில் நல்ல நாற்காலி வாங்கலாம்.

டாக்குடன் வந்த கேபிள் குட்டையாக இருக்கிறது. போன் சார்ஜர் கேபிளைப் போடலாமா?

கூடாது. போனுடன் வரும் பல கேபிள்கள் யூஎஸ்பி 2.0 வகை. அவற்றில் படத்துக்கான கம்பிகளே கிடையாது. சார்ஜ் ஏறும், திரை வராது. டாக்கையும் மானிட்டரையும் மாற்றி மாற்றிச் சோதித்துச் சலித்த பிறகு கேபிள்தான் காரணம் என்று தெரியவருவது அடிக்கடி நடக்கிறது. 60 வாட்டுக்கு மேல் சார்ஜ் வேண்டுமானால், 5 ஆம்பியர் தாங்கும் சிப் பொருத்திய கேபிளாகவும் இருக்க வேண்டும். நீளம் தேவைப்பட்டால் தண்டர்போல்ட் 4 கேபிளை வாங்குங்கள், இரண்டு மீட்டர் நீளத்திலும் கிடைக்கிறது.

100 வாட் என்று போட்டிருக்கிறது, ஆனால் லேப்டாப் மெதுவாகச் சார்ஜ் ஆகிறது என்கிறதே?

சிறிய டாக்குகளில் 100 வாட் என்பது உள்ளே வாங்கும் அளவு. தன் தேவைக்கு எடுத்துக்கொண்டு மீதியைத்தான் லேப்டாப்புக்குத் தரும். 85 வாட் என்பது வழக்கமான அளவு. 65 வாட் லேப்டாப்புக்கு இது தாராளம். கேமிங் லேப்டாப்புக்கு அதனுடன் வந்த சார்ஜரையே தனியாக மாட்டுங்கள்.

மூடியை மூடினால் மானிட்டர்களும் அணைந்துவிடுகின்றன.

விண்டோஸில் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, மின்சாரத்தில் இருக்கும்போது மூடியை மூடினால் எதுவும் செய்யாதே என்று மாற்றுங்கள். மேக்கில் சார்ஜும் வெளிக் கீபோர்டும் மவுஸும் இணைந்திருந்தால் போதும்.

டாக் வைத்த பிறகு வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது.

யூஎஸ்பி 3 போர்ட்டுகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும் என்று இன்டெல் நிறுவனம் 2012-லேயே விளக்கியிருக்கிறது. பல வயர்லெஸ் மவுஸ்கள் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. மவுஸின் ரிசீவரை ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, டாக்கிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

லேப்டாப் பேட்டரியில் ஓடும். தனி அடாப்டரில் இயங்கும் டாக் அணைந்துவிடும். திறந்திருந்த ஜன்னல்கள் எல்லாம் சிறிய திரைக்கு வந்துவிடும், அதில் நஷ்டம் இல்லை. டாக்கில் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டி ஏதாவது காப்பி செய்துகொண்டிருந்தால்தான் ஆபத்து. எழுதும்போது டிஸ்க்கைப் பிடுங்கியதற்குச் சமம் அது, கோப்புகள் கெட்டுப்போகலாம். ஆகவே மானிட்டருக்கு யூபிஎஸ் இல்லாவிட்டாலும் டாக்கின் அடாப்டரையாவது யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். வீட்டு இன்வெர்ட்டர்தான் உண்டு என்றால், அதில் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து அதில் வையுங்கள். கரண்ட் திரும்பிய பிறகும் மானிட்டரில் படம் வராவிட்டால், கேபிளை லேப்டாப்பிலிருந்து கழற்றி, டாக்கின் அடாப்டரைச் சுவரிலிருந்து அரை நிமிடம் எடுத்துவிட்டு, முதலில் அடாப்டரையும் பிறகு லேப்டாப்பையும் இணையுங்கள்.